அடித்துப் பார்க்காத மணி

கனகமணி அக்காவின் வலது காலை நிறுத்தாமல் அதற்குள் ஒரு சன்னல் திறக்க வேண்டும். மாலை வகுப்பில் எனக்கும் ஜன்னத்துக்கும் கொடுக்கப்பட்ட கடைசி வேலை இதுதான். எழுதிப் பார்க்கும்போது எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் சரியாகச் சொல்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வருவதால், முதலிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன்.

பகலில் நான் கணபதி பகுதியில் உள்ள ஒரு பம்புசெட் கம்பெனியில், பொருள் அனுப்பும் பிரிவில் வேலை செய்கிறேன். பெட்டிகளுக்கு முகவரி ஒட்டுவேன். ஒட்டியது சரிதானா என்று பார்ப்பேன். பார்த்தது சரிதானா என்று மறுபடியும் பார்ப்பேன். கடைசியாகச் சொன்னதை யாரும் செய்யச் சொல்லவில்லை. மாலையில் காந்திபுரத்தில் தொலைக் கண்காணிப்பு வகுப்பு. ஒரு மென்பொருள் எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கும். அது நலமாக இருக்கிறதா என்று நாம் இங்கிருந்து பார்க்க வேண்டும். அதற்கு ஏதாவது ஆனால் நம்மிடம் மணி அடிக்க வேண்டும். முழுப் படிப்பும் இவ்வளவுதான். எட்வின் சார் இரண்டு விதிகளை மட்டும் வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்வார். பார்க்கிறோம் என்பது பார்க்கப்படுவதற்குத் தெரியக் கூடாது. அடித்துப் பார்க்காத மணியை மணி என்று கணக்கில் சேர்க்கக் கூடாது.

இந்த ஆண்டு புதிதாக ஒரு சட்டம் வந்தது. உடம்போடு சேர்ந்து ஓடும் மென்பொருள் எதுவானாலும், பொங்கலுக்குள் யாராவது ஒருவருடைய கண்காணிப்பின் கீழ் வந்துவிட வேண்டும். இதயக் கருவி, இன்சுலின் பம்பு, செயற்கைக் கை எல்லாமே. கம்பெனிகள் தங்கள் பொருட்களைத் தாங்களே பார்த்துக்கொண்டன. கம்பெனியே மூடிப்போயிருந்தால்? அப்படிப்பட்டவை எங்கள் பயிற்சி மையத்துக்கு வந்து சேர்ந்தன. ஜன்னத் அவற்றுக்கு அநாதைகள் என்று பெயர் வைத்தாள். எங்களுக்கு வந்த அநாதை, உக்கடத்திலிருந்து துடியலூர் போகும் ஒரு தனியார் டவுன் பஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்தது.

கனகமணி அக்கா அந்தப் பஸ்ஸின் நடத்துநர். ஆறு வருடங்களுக்கு முன் ஒரு விபத்தில் முதுகெலும்பில் அடிபட்டு வலது கால் செயலிழந்துபோனது. இடுப்பிலிருந்து கணுக்கால் வரை கறுப்பாக ஒரு கூடு மாட்டினார்கள். முழங்காலில் ஒரு மோட்டார், உள்ளே ஒரு மென்பொருள். தசையின் துடிப்பைப் படித்து, கால் என்ன செய்ய நினைக்கிறதோ அதை மோட்டாரைக் கொண்டு செய்துவிடும். வீட்டுக்குள் நடக்கக் கொடுத்ததை மாட்டிக்கொண்டு அக்கா பழைய வேலைக்கே திரும்பிவிட்டார். ஓடும் பஸ்ஸில், கம்பியைப் பிடிக்காமல், ஒரு கையில் டிக்கெட் மிஷினும் மறு கையில் சில்லறையுமாக.

நாங்கள் முதல் முறை போனபோது உக்கடம் நிலையத்தில் பஸ் நின்றிருந்தது. அக்கா படியில் உட்கார்ந்து கூட்டுக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார். அதில் இரண்டு பேட்டரிகள். ஒன்றை மாட்டிய பிறகுதான் மற்றொன்றைக் கழற்றுவார். இத்தனை வருடங்களில் ஒருநாளும் இரண்டையும் சேர்த்துக் கழற்றியதில்லை என்றும், தூங்கும்போதுகூட அது ஓடிக்கொண்டேதான் இருக்கும் என்றும் சொன்னார்.

என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, நீங்க காலு டாக்டருங்ளா?" என்றார்.

இல்லை, பகலில் பெட்டிகளுக்கு முகவரி ஒட்டுகிறேன் என்று சொன்னேன். பொய் சொல்லத் தோன்றவில்லை.

அவர் திரும்பி டிரைவரிடம், "ராயப்பண்ணா, என்ற காலுக்கு அட்ரஸ் ஒட்ட ஆளு வந்திருக்குதுங்" என்றார். டிரைவர் ராயப்பன் சிரிக்காமல், பின்கோடு மறக்காமல் போடச் சொன்னார்.

வழக்கமாக ஒரு மென்பொருளைக் கண்காணிக்க வேண்டுமென்றால் அதை நிறுத்தி, 'இனி உன்னைப் பார்க்கலாம்' என்று சொல்லி மறுபடி ஓட விடுவார்கள். அது ஐந்து நிமிட வேலை. இங்கே அது முடியாது. ஏன் முடியாது என்பதை ஜன்னத்தான் அக்காவுக்கு விளக்கினாள். அவளுக்குத்தான் அப்படிப் பேச வரும்.

"அக்கா, உங்க கால் எப்படி நடக்கும், எந்த வளைவுல எப்படிச் சாயும், எந்த ஸ்பீட் பிரேக்கர்ல எவ்வளவு குதிக்கும்னு இது ஆறு வருசமா கத்து வெச்சிருக்கு. ஆனா எதையும் எங்கயும் எழுதி வைக்கல. எழுதி வைக்கற இடம் கம்பெனிக்காரங்க கிட்ட இருந்துச்சு. அவங்க மூடிட்டாங்க. இப்ப எல்லாம் ஓடற நினைப்புல மட்டும்தான் இருக்கு."

"நிறுத்துனா?"

"மறந்துரும். முதல் நாள் எப்படி இருந்துச்சோ அங்க போயிரும்."

முதல் நாளிலிருந்து பஸ்ஸில் ஏறிய நாள் வரை எட்டு மாதம் ஆனது என்றார் அக்கா. இப்போது எட்டு மாதம் யாரும் காத்திருக்க மாட்டார்கள். வேலைக்கு ஆள் வரிசையில் நிற்கிறது. பொங்கலுக்குள் கண்காணிப்புச் சான்று இல்லாவிட்டாலும் அவரை ஏற்ற முடியாது என்று முதலாளி சொல்லிவிட்டார். நிறுத்தினாலும் வேலை போகும், விட்டுவிட்டாலும் வேலை போகும். நடுவில் எங்கள் இருவருடைய கை.

கூட்டின் பின்புறம் பழுது பார்க்க ஒரு சிறிய வழி இருந்தது. அதன் வழியாக, ஓடுவது ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே எட்டிப் பார்க்கலாம் என்று கண்டுபிடித்தவள் ஜன்னத். அந்தச் சன்னலை வடிவமைத்தது நான். வரைந்து வரைந்து பார்த்தேன். வகுப்பிலிருந்த பழைய செயற்கைக் கால் ஒன்றில் சோதித்தேன். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், பஸ் துடியலூரில் நிற்கும் இடைவெளியில், அக்கா டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே அதைப் பொருத்தினோம். என் கைபேசியில் கோடுகள் ஓடத் தொடங்கின. முழங்காலின் கோணம், மோட்டாரின் சூடு, பேட்டரி. காலை ஆட்டச் சொன்னேன், கோடு ஆடியது. அக்கா டீயைக்கூடக் கீழே வைக்கவில்லை.

இங்கேதான் நான் தவறு செய்தேன். எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை உள்ளே கேட்பது என்பதை நான் தீர்மானிக்க வேண்டியிருந்தது. நிமிடத்துக்கு ஒரு தடவை போதும் என்றாள் ஜன்னத். நடுவில் ஏதாவது நடந்துவிட்டால் என்று நினைத்தேன். கண் இமைக்கும் நேரத்துக்குள் பல தடவை கேட்கும்படி வைத்தேன். எல்லாவற்றையும் கேட்கும்படி வைத்தேன். அவளிடம் சொல்லவில்லை.

அன்று திரும்பும் வழியில் நாங்களும் பஸ்ஸில் இருந்தோம். கவுண்டம்பாளையம் தாண்டி ஒரு ஆட்டோ குறுக்கே வந்தது. ராயப்பன் பிரேக் அடித்தார். அக்கா சாய்ந்தார், நிமிர்ந்தார், சமாளித்துவிட்டார் என்று நான் நினைத்த நொடியில் வலது கால் தானாக முன்னால் எகிறியது. டிக்கெட் மிஷின் பறந்தது. பால் கேன் வைத்திருந்த ஒரு பெரியவர் மீது விழுந்தார். அடி ஒன்றும் இல்லை. மிஷினை எடுத்து ஊதித் துடைத்துவிட்டு, பெரியவரிடம் இறங்கும் இடம் எது என்று கேட்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். ஆனால் முகம் வெளுத்துப்போயிருந்தது. ஆறு வருடத்தில் அவர் அந்தப் பஸ்ஸில் விழுந்தது அதுதான் முதல் தடவை என்று ராயப்பன் எங்களுக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்.

ஜன்னத் என் கைபேசியைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"அது உனக்குப் பதில் சொல்லுமா, அவங்க காலைப் பார்க்குமா? நீ கேட்கற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி முடிச்சுட்டு லேட்டா வந்து தள்ளியிருக்கு. அவங்க அதுக்குள்ள சொந்தமா நின்னுட்டாங்க. வெண்ணெய்."

என் பெயர் நவநீதன். அதனால் அவளுக்கு இந்த வசவு இலவசமாகக் கிடைக்கிறது. அன்று அது எனக்குப் பொருத்தமாகவே இருந்தது. பஸ்ஸிலேயே உட்கார்ந்து நிமிடத்துக்கு ஒரு தடவை என்று மாற்றினேன். அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். "சின்னப் புள்ள நடக்கறப்ப ஒவ்வொரு அடிக்கும் புடிச்சுட்டே போனா அது எங்கிங் நடக்கும், போங்" என்று சொல்லிவிட்டு அடுத்த நிறுத்தத்துக்கு விசில் ஊதினார்.

ஆனால் ஜன்னத் சொன்னதில் ஒரு வார்த்தை எனக்குள் மாட்டிக்கொண்டது. அவங்க சொந்தமா நின்னுட்டாங்க.

எப்படி?

மறுநாள் வகுப்பில், மோட்டார் எவ்வளவு உதவுகிறது என்ற கோட்டை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தோம். அது தரையோடு கிடந்தது. பூஜ்ஜியம். அக்கா நடக்கும்போது பூஜ்ஜியம், படியேறும்போது பூஜ்ஜியம், கூட்டத்துக்குள் புகுந்து போகும்போதும் பூஜ்ஜியம். சடன் பிரேக் வந்தால் மட்டும் புல் நுனிபோல ஒரு சிறிய மேடு. என் சன்னல் உடைந்திருக்கிறது என்றாள் ஜன்னத். நானும் அப்படித்தான் நம்பினேன். என் வேலையில் தவறு இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் உடனே நம்பிவிடுவேன். இருவரும் மூன்று மாலைகள் சோதித்தோம். சன்னல் நன்றாக இருந்தது.

பிறகு மென்பொருளின் உள்ளே அந்த விதியைத் தேடிப் படித்தோம். மிகச் சிறியது. அவர் தானாகச் சமாளிக்கும் ஒவ்வொரு தடவையும், அடுத்த தடவைக்கான உதவியைத் துளி குறை. தடுமாறினால் மட்டும் கூட்டு. அவ்வளவுதான். அடிபட்ட நரம்பு உள்ளே மெல்ல மெல்ல உயிர் பெற்றிருக்கிறது; அது வர வர இது விலகியிருக்கிறது. ஒரு நாளைக்கும் மறுநாளைக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு விலகியிருக்கிறது. கூட்டின் எடையைத் தூக்கிக்கொண்டு அக்கா எத்தனையோ நாட்களாகத் தன் காலால் நடந்துகொண்டிருந்தார். நான் படித்த மென்பொருள்களில் இவ்வளவு பணிவான ஒன்றைப் பார்த்ததில்லை. எழுதியவர் யார் என்று எங்கும் பெயர் இல்லை. "ஆணோ பொண்ணோ, கண்டுபிடிச்சு ஒரு பிரியாணி வாங்கிக் குடுக்கணும்" என்றாள் ஜன்னத்.

அக்காவிடம் சொல்வதா என்பதில் எங்களுக்குள் சண்டை வந்தது. யோசிக்காமல் நடப்பவரை யோசிக்க வைத்துவிடுவோம் என்பது என் பயம். ஜன்னத் ஒரே ஒரு பதில்தான் வைத்திருந்தாள். அது அவருடைய கால். அவருக்குத் தெரியாததை நாம் தெரிந்து வைத்துக்கொண்டு அவர் எதிரில் டிக்கெட் வாங்க எனக்கு அசிங்கமாக இருக்கிறது என்றாள். தவிர, அளவுகள் அனைத்தும் கூட்டை அணிந்தவரின் கைபேசியிலும் தெரிய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நான் தோற்றேன்.

துடியலூரில் டீக்கடை பெஞ்சில் வைத்துச் சொன்னோம். அக்கா கைபேசியில் இருந்த பூஜ்ஜியத்தை வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப இது என்ற கால்ல என்னதான் பண்ணுது?"

"பாத்துக்கிட்டு இருக்குங்க அக்கா."

"சும்மாவா?"

"சும்மாதான். தடுமாறினா மட்டும் பிடிக்கும்."

"உங்களையாட்டவே" என்றார். சிரித்தார் என்று முதலில் எழுதியிருந்தேன். இப்போது யோசித்தால், அவர் சிரிக்கவில்லை.

நான் பயந்ததுதான் நடந்தது. அடுத்த வாரம் முழுவதும் உதவிக் கோடு ஏறிக்கொண்டே போனது. அக்கா ஒவ்வொரு அடியையும் வைக்கும் முன் யோசித்தார். கம்பியைப் பிடித்தார். டிக்கெட் கொடுக்கும் இடைவெளியில் கைபேசியை எடுத்துப் பூஜ்ஜியமா என்று பார்த்தார். பார்த்ததாலேயே அது பூஜ்ஜியமாக இல்லை. கால் தயங்கும், மென்பொருள் உடனே கை கொடுக்கும், கை கொடுத்தது எண்ணாகத் தெரியும், அதைப் பார்த்துக் கால் இன்னும் தயங்கும். ராயப்பன் எனக்கு போன் செய்து, பின்வாசலில் பாதிப் பேர் டிக்கெட் எடுக்காமல் இறங்குகிறார்கள், முதலாளி காதுக்குப் போனால் சான்று இருந்தும் பயனில்லை என்றார். "நல்லா ஓடிட்டிருந்த வண்டிங் தம்பி அது" என்றார் கடைசியில். திட்டியிருந்தால் தேவலாம்.

சனிக்கிழமை அக்கா வகுப்புக்கே வந்துவிட்டார். மாடிப்படியில் அவர் ஏறி வருவது எனக்குக் கேட்டது. ஒவ்வொரு படிக்கும் ஒரு நிறுத்தம்.

தன் கைபேசியை என் மேசையில் வைத்தார். "இதுல இருக்கறத எடுத்துருங். எனக்குக் காட்ட வேண்டாம். நீங்க பாருங், போதும்."

அணிந்தவர் விரும்பினால் தனக்குப் பதிலாகப் பார்ப்பவர் என்று ஒருவரை நியமிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஜன்னத் பொருத்தமானவள் என்று சொன்னேன். நான் எதையும் நம்பாதவன், எதற்கெடுத்தாலும் சந்தேகப்படுகிறவன், என்னால்தான் நீங்கள் விழுந்தீர்கள் என்றும் சொன்னேன்.

"தெரியுமுங். அதுக்குத்தான் உங்களச் சொல்றேன். சந்தேகப்படறத நீங்க பாத்துக்கங். எனக்கு டிக்கெட் போடற வேலை கெடக்குது."

ஜன்னத் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். போவதற்கு முன் அக்கா ஒன்று கேட்டார். காலுக்குள் அது நின்றுபோனால் உங்களுக்கு மணி அடிக்கும் என்றீர்களே, அடிக்குமா?

தெரியாது என்றேன். நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும், நிறுத்த முடியாது, அதனால் அந்த ஒன்றை மட்டும் சோதிக்காமல் விட்டிருக்கிறோம், எட்வின் சார் மதிப்பெண்ணைக் குறைப்பார், குறைக்கட்டும் என்றேன். சாருடைய விதியையும் சொன்னேன். அக்கா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

கோடு ஏறுவது நின்றது. ஆனால் பழையபடி தரைக்கு இறங்கவில்லை. பூஜ்ஜியத்தை ஒருமுறை பார்த்தவருக்கு அது கண்ணுக்குள் இருக்கும்போல. நான் நிமிடத்துக்கு ஒரு தடவை பார்த்தேன், சும்மா இருந்தேன். சும்மா இருப்பது இவ்வளவு கடினமான வேலை என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆறு வருடம் அதைச் செய்த அந்த மென்பொருளை நினைத்துக்கொள்வேன்.

பொங்கலுக்கு முந்தைய வாரம், ஒரு மதியம், கம்பெனியில் மோட்டார் பெட்டிகளுக்கு முகவரி ஒட்டிக்கொண்டிருந்தேன். என் சட்டைப் பையில் மணி அடித்தது.

அந்தச் சத்தத்தை நானேதான் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். இருந்தும் என்னவென்று புரிய ஒரு கணம் ஆனது. திரையில் எல்லாக் கோடுகளும் ஒரே இடத்தில் அறுந்திருந்தன. ஓட்டம் நின்றது என்று ஒரு வரி. கையிலிருந்த முகவரியை எந்தப் பெட்டியில் ஒட்டினேன் என்று இன்றுவரை தெரியாது. அக்காவுக்கு போன் செய்தேன், எடுக்கவில்லை. துடியலூருக்கு வண்டியை எப்படி ஓட்டினேன் என்றும் தெரியாது. பஸ் கவிழ்ந்திருக்கும், பேட்டரி தீப்பிடித்திருக்கும், என் சன்னல்தான் உள்ளே எதையோ கெடுத்திருக்கும். மூன்றாவதில்தான் என் மனம் நின்றது.

பஸ் நிழலில் காலியாக நின்றிருந்தது. உள்ளே, முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும் நடுவே, கனகமணி அக்கா நடந்துகொண்டிருந்தார். கால்கூடு டிரைவர் இருக்கையில் கிடந்தது. இரண்டு பேட்டரிகளும் தனியே அதன் பக்கத்தில் இருந்தன. ராயப்பன் இரண்டு கைகளையும் விரித்தபடி அவருக்கு ஓர் அடி பின்னால், வாத்துக்குப் பின்னால் போகிறவர் மாதிரி, போய்க்கொண்டிருந்தார். அவருக்குத்தான் வியர்த்திருந்தது.

அக்கா என்னைப் பார்த்ததும் நின்றார்.

"அடிச்சுருச்சுங்ளா?"

தலையை ஆட்டினேன்.

"அடிச்சுப் பாக்காத மணி மணியே இல்லைன்னு சொன்னீங்கல்ல. பாத்தாச்சு. உங்க சார்கிட்டச் சொல்லி மார்க்கு வாங்கிக்கங்."

அவ்வளவு வருடங்கள் அது கற்றது அனைத்தும் போய்விட்டதே என்றேன். அதைக் காப்பாற்றத்தானே நாங்கள் இவ்வளவும் செய்தோம் என்றேன். அழுதேன் என்றும் எழுத வேண்டும், வரிசையாகச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

அவர் இருக்கையின் கைப்பிடியைத் தொட்டார், பிடிக்கவில்லை.

"அது மறந்தா போகுது தம்பி" என்றார். "எனக்கு ஞாபகம் இருக்குதா இல்லையான்னு தெரியோணும்ல."

ராயப்பன் இருக்கையில் தொப்பென்று உட்கார்ந்து, இனிமேல் இப்படிச் சோதனை ஏதாவது இருந்தால் டிரைவருக்கு விடுப்பு கொடுத்துவிட்டுச் செய்யச் சொன்னார்.

அக்கா கூட்டை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். தேவையில்லையே என்று நான் சொல்ல வாயெடுத்தேன். சடன் பிரேக்கை யார் பிடிப்பது என்று அவரே கேட்டார். பேட்டரி ஏறியது. மென்பொருள் கண் விழித்தது. எதுவும் தெரியாமல், முன்பின் அறியாத ஒரு நோயாளியின் காலில் விழித்தது. அவர் முதல் அடி வைத்ததும் அது முழு பலத்தோடு முழங்காலைத் தூக்கியது. அக்கா அணிவகுப்புப் போலீஸ்காரரைப் போல நடந்தார். வாய்விட்டுச் சிரித்தார். "ஏய், மெதுவா. நானே வெப்பேன்" என்று காலைப் பார்த்துச் சொன்னார்.

புறப்படும் நேரமாகிவிட்டது. ஆட்கள் ஏறினார்கள். வண்டியை டீக்கடையில் விட்டுவிட்டு நானும் ஏறினேன். எட்வின் சாருக்கு எழுத வேண்டியதை எழுதினேன்: மணி சோதிக்கப்பட்டது, வேலை செய்கிறது, சோதித்தவர் கனகமணி, நடத்துநர். அனுப்பிவிட்டு, அனுப்பியதைப் பார்த்தேன்.

விசில் ஒலித்தது. பஸ் வளைவில் சாய்ந்தது. பின்பக்கமிருந்து ஒரு சத்தம், டக், டக் என்று, கூடு இழுக்கும் பக்கம் போகாமல் தன் வழியில் வரும் காலின் சத்தம், ஒவ்வொரு இருக்கையாக நெருங்கியது. உதவிக் கோடு இப்போது உச்சத்தில் இருக்கும். இறங்கத் தொடங்கியிருக்குமா, எவ்வளவு இறங்கியிருக்கும் என்று என் கைபேசி சொல்லும். அது சட்டைப் பையில் இருந்தது.

நான் அதை எடுக்கவில்லை. சில்லறையை எடுத்தேன்.

"எங்கிங் தம்பி எறங்கறீங்?" என்றார் அக்கா.